அரக்கு உடையவே இல்லை

அத்தியாயம் ஆறு

அந்த மொட்டைக் கடிதத்தில் மொத்தம் பதினொரு வரி. பத்து வரி உண்மை, ஒரு வரி பொய். உண்மைகள் பத்தும் சேர்ந்து வால்டரைக் குப்புறத் தள்ளிவிட்டன. மிச்சமிருந்த அந்த ஒரு பொய்தான் எழுதியவரைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று 1982ஆம் வருஷம் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஜெரார்டுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இந்த வழக்கை எடுத்துத்தான் இருப்பார். மனிதரின் கோளாறே அதுதான்.

ஜெரார்டுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருஷம் கூலிம் வட்டாரத்தில் நன்னடத்தை அதிகாரியாக இருந்தவர். சிறுவர் கோர்ட்டுக்கு வரும் பையன்களின் வீடு தேடிப் போவார், விசாரிப்பார், பையன் ஏன் அப்படிச் செய்தான் என்று மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை எழுதுவார். பென்ஷன் வாங்கியதும் பஷீர் பாய் சாப்பாட்டுக் கடை மாடியில் ஒரு அறை பிடித்துத் துப்பறியும் வேலை ஆரம்பித்தார். பஷீரின் மகள் ஹமீதா உதவிக்கு வந்தாள். அவளுக்கு டைப்பிங்கும் வரும், வாயும் வரும். சம்பளம் முதலாவதற்கு மட்டும்தான். இரண்டாவதை இலவசமாகக் கொடுத்தாள்.

கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வால்டர் கைகட்டி நின்றான். இருபத்தொன்பது வயது ஆள் அப்படி நிற்பதைப் பார்க்க ஜெரார்டுக்குச் சங்கடமாக இருந்தது. பதிமூன்று வயதிலும் இவன் இதே மாதிரிதான் நின்றான்.

அது 1966. கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் லாரியின் சாவியை எடுத்து, லாரியை ஓட்டிப் பார்த்தான் பையன். கேட்டைத் திறக்க ஓடிவந்த காவல்கார ஜாகா குழந்தைவேலுவின் காலில் சக்கரம் ஏறிவிட்டது. சிறுவர் கோர்ட்டு கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தது. ஜெயில் இல்லை, ரோட்டான் பிரம்படி இல்லை, இரண்டு வருஷம் ஜெரார்டின் கண்காணிப்பில் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தீர்ப்பு. இருந்தான். இரண்டு வருஷம் முடிந்த அன்று கோப்பைக் கட்டி அரக்கு வைத்தார்கள். கோர்ட்டு வாசலில் ஜெரார்ட் அவன் தோளில் கைபோட்டு, "இதை இனிமே யாரும் படிக்க மாட்டாங்க தம்பி, என் வாக்கு" என்று சொன்னார்.

இப்போது ஆனைக்குழி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் டிரைவர் வேலை காலி. மனு போட்டவர்களில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள், வால்டரும் யாரோ ஒரு லாரி டிரைவரும். இரண்டு மாதத்துக்கு முன் வால்டருக்காக ஜெரார்டே இரண்டு பக்கத்துக்கு நற்சான்று எழுதிக் கொடுத்திருந்தார். வேலை கிட்டத்தட்டக் கையில் இருந்த நேரத்தில் டாக்டருக்கு இந்தக் கடிதம் போயிருக்கிறது. டாக்டர் நல்ல மனிதர். இது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் முடிவெடுக்க மாட்டேன் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தார்.

ஜெரார்ட் கடிதத்தைப் படித்தார். சுத்தமான இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. பையனின் பேர், லாரி, ஜாகாவின் இடது கால் நொறுங்கியது, இரண்டு வருஷக் கண்காணிப்பு எல்லாம் இருந்தன. எட்டாவது வரியில் அவர் கண் நின்றது. 'வண்டி ஓட்டும்போது யாரும் என்னை அடிக்க முடியாது என்று அவனே சொல்லியிருக்கிறான்.'

"இதை உங்ககிட்ட மட்டும்தான் சார் சொன்னேன்," என்றான் வால்டர். "எங்கப்பன் அடிச்ச முதுகைக் காட்டிச் சொன்னேன். நீங்க எழுதுனீங்க, கோர்ட்டு படிச்சுச்சு. வேற யாருக்கும் தெரியாது. கோப்பை எவனோ பிரிச்சிருக்கான் சார். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

அவன் போன பிறகு ஹமீதா கடிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இங்கிலீஷ் நல்லாருக்கு சார். மனசுதான் நல்லால்ல," என்றாள்.

கோர்ட்டில் பதிவறைப் பொறுப்பு ஷம்சுதீனிடம் இருந்தது. ஜெரார்டோடு இருபது வருஷப் பழக்கம். ஆளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார், நலம் விசாரித்தார், வந்த காரியத்தைக் கேட்டதும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார்.

கோப்பை மாஜிஸ்திரேட் பார்க்கலாம் என்றார் ஷம்சுதீன். மேல்கோர்ட்டு கேட்டால் அனுப்பலாம், வழக்கு நடக்கும் காலத்தில் நன்னடத்தை அதிகாரி பார்க்கலாம். பத்திரிகைக்காரன், போலீஸ்காரனின் மச்சான், பொண்ணு கொடுக்கிறவன், பொண்ணு எடுக்கிறவன் யாரும் வாசலைத் தாண்ட முடியாது.

"எழுதினதே நான்தானே ஷம்சு," என்றார் ஜெரார்ட்.

"எழுதினவரு எழுதினதோட சரி அண்ணே. நீங்க இப்ப பென்ஷன்காரரு."

"பிரியாணி ஆக்கினவருக்கே ஒரு வாய் கிடையாதா பாய்?" என்றாள் ஹமீதா. "எங்க அத்தா கடையில இப்படி நடந்தா சமைக்கிற பண்டாரி அன்னைக்கே ஊருக்குப் போயிடுவாரு லா."

ஷம்சுதீன் சிரிக்கவில்லை, ஆனால் இளகினார். உள்ளே போய்க் கோப்பைக் கொண்டுவந்து, கை எட்டாத தூரத்தில் பிடித்துக் காட்டினார். சிவப்பு நாடா குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது. முடிச்சின்மேல் அரக்கு, அரக்கின்மேல் கோர்ட்டு முத்திரை. பூச்சி கூடு கட்டியிருந்தது, கூடு கூடக் கலையவில்லை. பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து 1968இல் ஜெரார்ட் போட்டது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பை யாரும் கேட்கவே இல்லை.

வெளியே வந்ததும் ஜெரார்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் கோர்ட்டு சுத்தம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. பிரிக்காத கோப்பு எப்படிப் பேசியது என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது.

"பூச்சி படிச்சுச் சொல்லியிருக்கும் சார்," என்ற ஹமீதா கடிதத்தை மறுபடி பார்த்தாள். மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் காலியாக விட்டிருந்தது. "இது எதுக்கு? மொட்டைக் கடுதாசிக்கு யாராச்சும் முத்திரை ஒட்டுவாங்களா?"

ஜெரார்ட் அவளை முதுகில் தட்டாத குறைதான். கோர்ட்டு வாசலில் மனு அடிக்கிறவர்கள் முத்திரைத் தலை ஒட்ட இடம் விட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அடிப்பது மனுவோ மொட்டைக் கடிதமோ, பழகிய கை தன்னால் இடம் விட்டுவிடும். அங்கே இங்கிலீஷில் அடிக்கிற ஒரே ஆள் பரஞ்சோதி. ஜெரார்டைக் கண்டால் அவர் வாய் திறக்க மாட்டார் என்பதால் ஹமீதா மட்டும் போனாள். ஜெரார்ட் எதிர்க் கடையில் கோப்பி குடித்துக் காத்திருந்தார்.

இருபது நிமிஷம் கழித்து அவள் திரும்பி வந்தாள். "ஞாபகம் இல்லையாம் சார். ஒரு நாளைக்கு நாப்பது கடுதாசி அடிக்கிறாராம்."

அவ்வளவுதான் சொன்னாள். நாற்பது கடுதாசியைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வராதது ஜெரார்டுக்கு வித்தியாசமாகப் பட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்கள் ஏமாறுவது இப்படித்தான், பக்கத்தில் இருப்பவர்களிடம்.

கரங்கான் வரை அவருடைய பழைய டட்சன் காடியில் போனார்கள். குழந்தைவேலு இப்போது மகள் வீட்டில் இருந்தார். வால்டர் மேல் பழைய வன்மம் வைத்திருக்கக்கூடிய ஆள் இவர் ஒருவர்தான் என்பது ஜெரார்டின் கணக்கு. கணக்கு வாசலிலேயே தப்பாய்ப் போயிற்று. கிழவர் வால்டரின் பேரைக் கேட்டதும் மலர்ந்தார். மாதம் ஒருமுறை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காலைக் காட்டி வருவதே வால்டர்தானாம். ஆறு வருஷமாக ஒரு மாதம் தவறவில்லையாம்.

பேசிக்கொண்டே அவர் ஊன்றுகோலை எடுத்து எழுந்து, தண்ணீர் கொண்டுவர உள்ளே நடந்தார். ஜெரார்ட் அந்த நடையையே பார்த்தார். இடது கால் உறுதியாக ஊன்றியது. இழுத்துக்கொண்டு போனது வலது கால்.

சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். 'இடது கால் நொறுங்கியது.'

"அண்ணே, அடிபட்டது எந்தக் கால்?"

"இதான் சார், சோத்துக்கை பக்கம்," என்று கிழவர் வலது முட்டியைத் தட்டினார். பிறகு எதையோ நினைத்துச் சிரித்தார். "நீங்ககூட அன்னைக்கு மாத்தித்தானே எழுதிட்டீங்க. ஆஸ்பத்திரி கட்டில்ல நான் இந்தப் பக்கம், நீங்க எனக்கு எதிர்ல குந்தியிருந்தீங்க. உங்களுக்கு இடதாத் தெரிஞ்சது எனக்கு வலது. கோர்ட்டுக்கு மொத நாளு படிச்சுக் காட்டுனப்ப நான்தானே சொன்னேன். வீட்டுக்குப் போயி வேற அடிச்சுக் கொண்டாந்தீங்க."

ஜெரார்ட் தண்ணீரைக் குடிக்கவில்லை. கையில் தம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஹமீதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் எளிது, எளிதாக இருந்ததுதான் கொடுமை. எட்டாவது வரி அறிக்கையில் மட்டுமே இருந்த வரி. ஆகவே கடிதம் எழுதியவர் அறிக்கையைப் படித்திருக்கிறார். ஆனால் கோர்ட்டில் அரக்குக்குள் இருக்கிற அறிக்கையில் வலது கால். இடது கால் என்று சொன்ன காகிதம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அவர் முதலில் தப்பாக அடித்த பக்கம். பையனின் பேர் மேலே போட்ட முதல் பக்கம். அது கோர்ட்டுக்குப் போகவே இல்லை.

அதை அவர் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆபீசில் காகிதத்துக்குப் பஞ்சம். தப்பாய்ப் போன தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் குறிப்பு எழுதுவார். மிஞ்சியதை அவர் மனைவி பிரிஜெட் அலமாரித் தட்டில் விரிக்க வாங்கிக்கொள்வாள்.

காடி பெரிய ரோட்டுக்கு வந்தது. ஹமீதாதான் ஆரம்பித்தாள். "சார், வீட்டுக்குப் போக வேணாம் லா. நேரா கடைக்குப் போவோம். அத்தாகிட்ட சொல்லி மீன்தலைக் கறி எடுத்து வைக்கச் சொல்றேன்."

"பரஞ்சோதிக்கு ஞாபகம் இருந்துச்சு, இல்ல?"

அவள் ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தாள். "நல்லா ஞாபகம் இருந்துச்சு சார். தேங்கா கேக்குகூடக் குடுத்தாங்களாம்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்க வீட்டுக் கேக்க நானும் எத்தனை வருஷமா சாப்பிடுறேன்."

வீட்டில் பிரிஜெட் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவர் இந்த நேரத்தில் வந்தது ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மாதமாகவே அவள் பேச்சு அளவாகத்தான் இருந்தது. லாரி ஓட்டும் மகன் கென்னத்துக்கு ஒரு நற்சான்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். பெற்ற மகனுக்கு எழுதினால் மதிப்பிருக்காது என்று இவர் மறுத்துவிட்டார். அதிலிருந்து அப்படி.

ஜெரார்ட் நேராகச் சாப்பாட்டு அலமாரிக்குப் போய்க் கதவைத் திறந்தார். நாலு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் பீங்கானையும் கிண்ணத்தையும் ஒதுக்கிப் பார்த்தார். மூன்று தட்டுகளில் பழுத்துப் போன டைப் தாள்கள் எழுத்து கீழே பார்க்க விரித்திருந்தன. இரண்டாவது தட்டில் மட்டும் புதுசாகத் தமிழ்ப் பத்திரிகை. தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது. பதினாறு வருஷம் வால்டரின் முதுகுத் தழும்பின்மேல் பீங்கான் வைத்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

"நீ எனக்கு இதைச் செய்வேன்னு நான் நினைக்கல பிரிஜெட்."

அவள் நெத்திலியைக் கீழே வைத்தாள். மறுக்கவில்லை, அழவும் இல்லை. "உங்களுக்கா செஞ்சேன்? கறை பட்டுப்போச்சுன்னு தாளை மாத்தினேன். திருப்பினா அந்தப் பேரு. ரெண்டு நாள் முந்திதான் கென்னத்து வந்து, இன்னும் வால்டர்னு ஒருத்தன் மட்டும்தான் மிச்சம்னு சொல்லிட்டுப் போயிருந்தான்."

"எங்க மிச்சம்?"

"பாத்தீங்களா." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "உங்க மகனும் அதே ஆம்புலன்ஸ் வேலைக்குத்தான் மனு போட்டான்னே உங்களுக்குத் தெரியாது. ஒரு வரி கேட்டேன், நியாயம் பேசுனீங்க. அந்தப் பையனுக்கு ரெண்டு பக்கம் எழுதுனீங்க. இருபத்தாறு வருஷமா ஊரான் பிள்ளைங்களை எல்லாம் தோள்ல கைபோட்டுக் கோர்ட்டுல இருந்து கூட்டிட்டு வந்தீங்க. இவன் தோள்ல என்னைக்காச்சும் கை வெச்சீங்களா?"

ஜெரார்ட் அலமாரிக் கதவைச் சாத்தினார். கோபம் இருந்தது, அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. கென்னத்துக்குக் கடித விஷயம் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று அவள் தலையாட்டினாள். பிறகு எழுந்து போய், ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மடித்த தடம் ஒன்று, கிண்ணம் உட்கார்ந்த வட்டம் ஒன்று. நடுவில் அவர் அடித்த எழுத்துகள் அப்படியே இருந்தன.

வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். தன் வீட்டு வாசற்படியில் இறங்க அவருக்கு அன்று அவ்வளவு நேரம் ஆயிற்று.

சாயங்காலம் பஷீர் கடையில் வால்டர் காத்திருந்தான். ஜெரார்ட் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். கோப்பு பிரியவில்லை என்றார். எழுதியது என் மனைவி, தாளை வைத்திருந்தது நான் என்றார். ஒன்றையும் மறைக்கவில்லை, பிரிஜெட்டின் பேரைக்கூட. போலீசுக்குப் போவதானால் தானே கூட வந்து சாட்சி சொல்வதாகவும் சொன்னார். ஹமீதா கல்லாப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

வால்டர் தாளை வாங்கி மேசைமேல் நீவிப் பரப்பினான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். இரண்டு முறை படித்தான்.

"இதை எனக்கே யாரும் காட்டினதில்ல சார். இன்னைக்குத்தான் படிக்கிறேன்." குரல் சாதாரணமாக இருந்தது. "காலையில கோர்ட்டு ஆளுங்கமேல பழி போட்டேன். பாவம். கோர்ட்டு பூட்டித்தான் வெச்சிருந்திருக்கு."

ஜெரார்ட் அவன் தோளில் கை வைக்கப் போனார். வால்டர் நகர்ந்துகொண்டான். வேகமாகக்கூட நகரவில்லை, வழியில் நிற்கிற மரத்தைச் சுற்றிப் போகிறவனைப் போல ஒதுங்கிக்கொண்டான்.

"நான் ஒருத்தரைத்தான் சார் நம்பினேன். எங்கப்பனை நம்பல, கோர்ட்டை நம்பல. நீங்க சொன்னதை நம்பி இத்தனை வருஷம் நிம்மதியாத் தூங்கினேன்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து எழுந்தான். ஆனைக்குழிக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு என்றும், டாக்டரை இன்றே பார்த்துவிடுவதாகவும் சொன்னான். "என்னைப் பத்தி நானே சொல்லிக்கிறேன். லாரி எடுத்ததை, கால் போனதை எல்லாம். இடது இல்ல, வலதுன்னும் நான்தான் சொல்லணும்."

"தம்பி, இரு. நான் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தர்றேன். தப்பு என்னோடதுன்னு கையெழுத்துப் போட்டு..."

வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்தான்.

"வேணாம் சார். நீங்க எழுதின வரைக்கும் போதும்."